மார்பக அறுவைக்குப் பிறகு: நான் சொல்லித்தர முடியாத பாடங்கள்

ரேடியேஷன் கொடுக்கும்போது அறுவை செய்த பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் கதிர் சரியான இடத்தில் படும், கை குறுக்கே வராது. தாராவியிலிருந்து வந்திருந்த அந்த அக்காவுக்கு வலது கை தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூடப் போகவில்லை. அளவெடுக்கப் போனவரை, "கை நல்லா தூக்க வந்த பிறகு வாங்க" என்று என்னிடம் திருப்பி அனுப்பினார்கள்.

நான் மும்பையில் பிசியோதெரபிஸ்ட். மார்பக அறுவை முடிந்தவர்களின் தோளும் கையும்தான் என் அன்றாட வேலை. ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே அக்காவுக்கு வார்டில் பயிற்சி சொல்லிக் கொடுத்தவள் நான்தான். விரலை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்குவது, நீர் வடிக்கும் டியூப் எடுத்த பிறகு சுவரில் விரலால் நடந்து மேலே ஏறுவது என்று எல்லாம் சொன்னேன். படம் போட்ட தாளும் கொடுத்தேன். தாள் மடிப்புக் கலையாமல் அவர் பையிலேயே இருந்தது.

"ஏன்க்கா செய்யலை?"

"தையல் பிரிஞ்சிருமோன்னு பயம்மா."

"பிரியாதுன்னு அன்னைக்கே சொன்னேனே."

"நீங்க சொல்லுவீக. உங்களுக்கு வெட்டலியே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது வெகுநாள் உள்ளே இருந்தது.

அன்று வருடாந்திர செக்கப்புக்கு ஒரு டீச்சர் வந்திருந்தார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சயான் கோலிவாடாக்காரர். ஏழு வருடத்துக்கு முன்னால் அவருக்கும் ஒரு பக்கம் முழுவதும் எடுத்திருந்தார்கள். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. "நான் கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்டுவிட்டு, அக்காவைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். என்னைக் கூப்பிடவில்லை. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது. கை அன்றைக்கே நான்கு விரற்கடை கூடுதலாக ஏறியது. டீச்சர் புடவையை விலக்கித் தன் தழும்பைக் காட்டியிருக்கிறார். தொட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அப்புறம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுக் காட்டியிருக்கிறார். மூன்று வாரத்தில் அக்கா ரேடியேஷன் மேசையில் படுத்துவிட்டார்.

நோயாளிக்கு நோயாளி துணை என்பது இன்றைக்கு வந்த பழக்கமில்லை. நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு 1952-ல் மார்பகத்தை எடுத்தார்கள். வீட்டுக்குப் போய் எப்படி வாழ்வது என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை. குணமானதும் அவரே மருத்துவமனை வார்டுகளுக்குப் போய், புதிதாக அறுவை முடிந்தவர்களின் படுக்கை ஓரத்தில் உட்கார ஆரம்பித்தார். கையில் நூல் கட்டிய ஒரு ரப்பர் பந்து இருக்கும், கையை அசைத்துப் பழக. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு தற்காலிக மார்பகமும் கொண்டுபோவார். டாக்டர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அனுமதியில்லாமல் எங்கள் நோயாளியிடம் எதற்குப் பேசுகிறாய் என்று தடுத்தார்கள். 1969-ல் அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி அந்த வேலையைத் தன் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது. அந்த டாக்டர்களின் தயக்கம் எனக்கு ஓரளவு புரிகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டீச்சர் சொன்னதில் பாதி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும்போது பக்கவாட்டில் ஒரு டியூபும் அதன் முனையில் ஒரு டப்பாவும் தொங்கும். பெரும்பாலும் 24 மணி நேரத்தில் வடியும் நீர் 30 மில்லிக்குக் கீழே வந்து, அது இரண்டு நாள் நிலைத்தால் எடுத்துவிடுவார்கள். இதை நாங்களே சொல்லிவிடுவோம். அதுவரை அந்த டப்பாவை எங்கே வைத்துக்கொள்வது? பழைய புடவையில் தோள் பை மாதிரி ஒன்று தைத்து நைட்டிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், முன்பக்கம் திறக்கிற நைட்டியாக இருக்க வேண்டும் என்பது டீச்சர் சொன்னது. அக்குளிலும் மேல் கையின் உள்பக்கத்திலும் மரத்துப்போகும், அந்த இடத்தில் சவரம் செய்யும்போது வெட்டினாலும் தெரியாது என்பதும் அவர் சொன்னதுதான். அங்கே ஓடும் ஒரு நரம்பு அறுவையில் அறுபடலாம், இழுபடலாம். எனக்கு நரம்பின் பெயர் தெரியும், சவரம் நினைவுக்கு வரவில்லை.

லோக்கல் ரயிலும் அப்படித்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோய் நோயாளிகளும் ஏறலாம். பல வருடம் இந்த ஊரில் இருப்பவர்களுக்கே இது தெரியாது. லேடீஸ் பெட்டியின் நெரிசலில் ஆபரேஷன் செய்த பக்கத்தில் ஒரு முழங்கை இடித்தால் உயிர் போய்விடும். "ஆஸ்பத்திரி பேப்பரைக் கையில வச்சுக்கோ, அந்தப் பெட்டியில ஏறு. சயான்ல ஏறினா பரேல் மூணாவது ஸ்டேஷன். யாராவது பார்த்தா பார்க்கட்டும்" என்றாராம் டீச்சர்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் இந்தியும் மராத்தியும்தான் ஓடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்து இருபது வருடம் ஆனவர்களுக்கும் காய்கறி வாங்குகிற இந்திதான் தெரியும். ரேடியேஷனை இங்கே 'சிகாயி' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்ட அக்கா, முடியே இல்லாத தலைக்கு எதற்குச் சீயக்காய் என்று யோசித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறார். அது 'கரண்ட் வைக்கிறது' என்று டீச்சர் சொன்ன பிறகுதான் புரிந்தது. ஆண் டாக்டரிடம் 'மார்பு' என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாமல் 'நெஞ்சுல' என்று சொல்லி, இதயப் பிரிவுக்குப் போய் வந்தவரையும் எனக்குத் தெரியும்.

சரி, டாக்டர்களின் தயக்கத்துக்கு வருகிறேன். அறுவை முடிந்து பதினைந்து வருடமான ஒரு பாட்டி, பார்க்கிறவர்களிடமெல்லாம் "அந்தக் கையால ஒரு சொம்புத் தண்ணிகூடத் தூக்காதே, வாழ்நாள் முழுக்க" என்று சொல்லிவந்தார். கை வீங்கிவிடும் என்று அவர் காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள், அவர் மேல் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்ட ஒரு இளம்பெண் கையை மடியிலேயே வைத்து வைத்துத் தோளை இறுக்கிக்கொண்டு வந்தாள். கை வீக்கம் உண்மையான பிரச்சினைதான். அக்குள் நெறிக்கட்டிகளை முழுவதும் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது வரலாம். நோய் முதலில் பரவக்கூடிய ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இருபதில் ஒருவர் அளவுக்குத்தான். ஆனால் 2009-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கியவர்கள் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகியபோது வீக்கம் கூடவில்லை. கைக்குப் பலம்தான் கூடியது. அதனால் நான் தூக்காதே என்று சொல்வதில்லை. மெதுவாக ஆரம்பி, கையைக் கவனி என்கிறேன். ரவிக்கையின் ஒரு கை மட்டும் இறுகினாலோ, வளையல் ஏற மறுத்தாலோ அதுதான் முதல் அறிகுறி, உடனே வந்து காட்டுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் வீணைத் தந்தி மாதிரி இழுத்தால் பயப்பட வேண்டாம். அறுவை முடிந்த சில வாரங்களில் பலருக்கும் வருவதுதான், பயிற்சியில் இளகிவிடும்.

எனவே எங்களோடு வந்து பேசுகிறவர்களிடம் சிலவற்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிந்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். மருந்தைப் பற்றிப் பேசக்கூடாது, காயத்தைத் தொடக்கூடாது. "எனக்கு இப்படி ஆச்சு" என்று சொல்லலாம், "உனக்கும் இப்படித்தான் ஆகும்" என்று சொல்லக்கூடாது.

இன்னொன்றுக்கு எந்த விதியும் போட முடியவில்லை. அப்படி வந்து பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு நான்கு வருடம் கழித்து நோய் எலும்பில் திரும்பியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகியவர்கள் எத்தனையோ பேர். அவருக்கே வந்துவிட்டதே, எனக்கு என்ன என்று அடுத்தடுத்து மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். உடம்புக்கு உடம்பு நோயின் வகையும் கட்டமும் வேறு என்று விளக்கினேன். அது உண்மைதான். ஆனாலும் அந்த வாரம் யாருக்கும் பயிற்சி ஓடவில்லை, உட்கார்ந்து அவரைப் பற்றித்தான் பேசினோம்.

அக்காவின் கதையில் இரண்டாம் பாகம் உண்டு. அவர் குடும்பம் இட்லி வியாபாரம். விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைத்து, ஐந்து மணிக்கெல்லாம் ஆட்கள் சைக்கிளில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். குனிந்து குனிந்து அண்டாவைத் தூக்குகிற வேலை. ரவிக்கைக்குள் உள்பை தைத்து, பஞ்சு லேசாக இருக்கிறதென்று கேழ்வரகு நிரப்பிய பையை வைத்துப் பார்த்தார். எடை சரியாக இருந்தது, குனிந்தால் நழுவியது. ஒருநாள் மாவு அண்டாவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. அன்று அவர் அழுததை அவர் மகள் என்னிடம் சொன்னாள். இரண்டு வருடம் கழித்து, வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் அமைக்கிற அறுவை செய்துகொள்வதென்று முடிவு செய்தார். "இந்த வயசுல யாருக்குக் காட்ட?" என்று மாமியார் கேட்டாராம். இந்தக் கேள்வி பல வீடுகளில் கேட்கப்படுகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. வேண்டாம் என்று தட்டையாகவே இருக்கிற டீச்சருக்கும் இல்லை.

மறுசீரமைப்பு பற்றிச் சுருக்கமாக: முதல் அறுவையோடு சேர்த்தும் செய்யலாம், வருடங்கள் கழித்தும் செய்யலாம். சிலிக்கோன் பை வைக்கலாம், அல்லது முதுகு, வயிறு என்று நம் உடம்பிலிருந்தே எடுக்கலாம். சிலிக்கோன் பைக்கு மேல் ரேடியேஷன் போனால் அதைச் சுற்றிக் கெட்டிப்பட வாய்ப்பு அதிகம். அதனால் ரேடியேஷன் பெற்றவர்களுக்குச் சொந்தச் சதையைத்தான் டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். மறுசீரமைப்பால் நோய் திரும்புவதில்லை. புது மார்பகத்தில் பழைய உணர்ச்சி வராது. மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை வைத்துத் தோல் வெந்துபோனவர்கள் உண்டு, கவனம்.

இந்த முறை டீச்சரால் உதவ முடியவில்லை. அவருக்கு அந்த அனுபவம் இல்லை. முலுண்டில் ஒரு வங்கி ஊழியர் அதே அறுவை செய்துகொண்டிருந்தார், அவரைச் சேர்த்துவைத்தேன். முதல் வாரம் கூன் போட்டுத்தான் நடக்க வரும், நிமிரப் பார்க்காதே, முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் படு, ஆறு வாரம் எடை தூக்காதே என்று அவர் நன்றாகவே சொன்னார். ஆனால் அவர் வீட்டில் கட்டிலும் லிஃப்டும் மேற்கத்திய டாய்லெட்டும் இருந்தன. அக்காவுக்குக் கீழே ஒரு அறை, செங்குத்தான இரும்பு ஏணி ஏறினால் மேலே ஒரு அறை. தரையில் பாய். தெருமுனையில் பொதுக் கழிப்பறை, உட்கார்ந்து எழ வேண்டும். வயிற்றில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தையலோடு எப்படி உட்காருவது? முக்கினாலே தையல் இழுக்கும். இதை நானும் கேட்கவில்லை, சர்ஜனும் கேட்கவில்லை, முலுண்டு அம்மாவுக்கும் தோன்றவில்லை.

அக்கா தானே வழி கண்டுபிடித்தார். ஆபரேஷனுக்கு முதல் வாரமே துணிமணியைக் கீழே இறக்கினார், பக்கத்து வீட்டில் கயிற்றுக் கட்டில் இரவல் வாங்கினார். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்குக் கிடைத்தது. அதைத் திரை கட்டி ஒரு மூலையில் வைத்தார். மலச்சிக்கல் மருந்தை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கினார். பெரிய அண்டாவை நிறுத்திவிட்டு, மாவைச் சின்னச் சின்ன வாளிகளில் பிரித்து வைக்க மகளைப் பழக்கினார். இன்றும் அந்த வாளிகள்தான்.

இப்போது நான் புதிதாக வருகிறவர்களிடம் தோளைத் தொடுவதற்கு முன்னால் கேட்பது: வீட்டில் கட்டில் இருக்கிறதா, கழிப்பறை எங்கே, மாடி ஏற வேண்டுமா, தண்ணீர் யார் பிடிப்பது? அந்தப் பதிலை வைத்துத்தான் யாரை யாரோடு பேசவைப்பது என்று முடிவு செய்கிறேன்.

அக்கா சிகிச்சையெல்லாம் முடித்து ஒன்றரை வருடமாகிறது. வியாழக்கிழமை இட்லி போனதும் குளித்துவிட்டு வார்டுக்கு வருகிறார். தோளில் ஒரு துணிப்பை. அதில் கடைத்தெருவில் வாங்கிய ஸ்பாஞ்ச் பந்து, டப்பா தொங்கவிடத் தைத்த புடவைத் துணிப் பைகள், ஊக்கு ஒரு கொத்து, உள்பை வைத்த மாதிரி ரவிக்கை ஒன்று. போன வாரம் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். நான் பயிற்சி சொல்லக் கட்டிலருகே போனேன். அக்கா எனக்கு முன்னால் வந்து நின்று, "நீங்க செத்த வெளிய இருங்கம்மா" என்று திரையை இழுத்துவிட்டார்.