தொழுநோய்: நீரடிமுத்து எண்ணெயிலிருந்து கூட்டு மருந்து வரை

தோலில் வெளிர்ந்தோ லேசாகச் சிவந்தோ ஒரு தேமல். அரிக்காது, வலிக்காது. நோயாளியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேனா முனையால் மெல்லத் தொட்டு, "எங்கே தொட்டேன், விரலால காட்டுங்க" என்று கேட்பார்கள். சுற்றியுள்ள தோலில் தொட்டால் சரியாகக் காட்டுகிறவர், தேமலின் நடுவே தொடும்போது அசையாமல் இருப்பார். தொழுநோயைக் கண்டறியப் பெரும்பாலும் இவ்வளவே போதும். ஆனால் அதற்கு உருப்படியான மருந்து கிடைக்க 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் அந்தக் கிருமியின் குணம்.

1873-இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர், நோயாளிகளின் தோல் கட்டிகளில் குச்சி வடிவக் கிருமியைப் பார்த்தார். பரம்பரை நோய் என்று பலரும் நம்பிய காலம் அது. கிருமி தெரிந்துவிட்டது, சரி. அதைச் சோதனைக்கூடத் தட்டில் வளர்க்க முடிந்ததா? இன்றுவரை இல்லை. வளர்க்க முடியாத கிருமியின் மேல் எந்த மருந்தைப் போட்டுச் சோதிப்பது? வேகமும் மகா மந்தம். ஈ.கோலை பாக்டீரியா ஏற்ற சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். இது பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். தொற்றியபின் அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆவது இதனால்தான். உடலின் குளிர்ந்த பகுதிகள்தான் அதற்குப் பிடிக்கும்: காது மடல், மூக்கு, தோலை ஒட்டி ஓடும் நரம்புகள். இந்தக் குணத்தை வைத்தே 1960-இல் ஆய்வாளர் சார்லஸ் ஷெப்பர்ட் அதைச் சுண்டெலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டினார். மருந்துகளை முறையாகச் சோதிக்க அதன்பிறகுதான் வழி பிறந்தது.

1940கள் வரை கையில் இருந்தது எண்ணெய். நம் சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து என்று சொல்லும் மரமும், வடகிழக்கிலும் பர்மாவிலும் வளரும் சால்முக்ராவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் விதை எண்ணெயைக் குடித்தால் குமட்டும். ஊசியாகப் போட்டால் உடலில் கலக்காமல் தோலுக்கடியில் கட்டியாக நிற்கும், வலி தாங்காது. ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியலாளர், எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டராக மாற்றி, உடல் உறிஞ்சக்கூடிய ஊசிமருந்தாக்கினார். அப்போது அவருக்கு வயது 23. 1916-இல், 24 வயதில் இறந்துபோனார். அவர் வேலை செய்த கல்லூரியின் தலைவர் ஆர்தர் டீன், அவர் பெயரைச் சொல்லாமலே அந்த ஆய்வைத் தன்னுடையதாக வெளியிட்டார். ஆலிஸுக்கு உரிய மதிப்பு கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆனதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. அந்த ஊசியால் சிலருக்குக் குணம் தெரிந்தது. பலருக்கு நோய் திரும்பியது.

உண்மையான திருப்பம் 1941-இல், அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் வந்தது. கை ஃபாஜே என்ற மருத்துவர் அங்கே புரோமின் என்ற சல்ஃபோன் மருந்தை ரத்தக்குழாயில் ஊசியாகப் போட, ஆறாத புண்கள் ஆறின. அதே குடும்பத்தைச் சேர்ந்த டாப்சோன், 1908-லேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டு எவரும் சீண்டாமல் கிடந்த பொருள். 1940களின் பிற்பகுதியில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர், செங்கல்பட்டில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் காக்ரேன். டாப்சோன் வேலை செய்யும் விதம் அழகானது. கிருமிக்கு ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும், அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். அந்தத் தயாரிப்பை மருந்து தடுக்கிறது. நாம் ஃபோலேட்டைக் கீரையிலும் பருப்பிலும் பெறுவதால் நமக்கு அந்த வழியில் பாதிப்பில்லை.

விலை மலிவு, வாயால் விழுங்கும் மாத்திரை. ஆனால் அது கிருமியைக் கொல்வதைவிட வளராமல் நிறுத்துவதையே அதிகம் செய்தது. ஆண்டுக்கணக்கில், சிலர் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டியிருந்தது. ஒரே மருந்தை இத்தனை காலம் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுவே ஆனது. டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் உருவானதை 1964-இல் மலேசியாவின் சுங்கை பூலோவில் ஷெப்பர்டின் சுண்டெலி முறையால் நிரூபித்தார்கள்.

1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. மாதம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசின். அந்த ஒரு வேளையே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் விரைவிலேயே நின்றுவிடும். தினமும் டாப்சோன். மூன்றாவது குளோஃபசிமின், டப்ளினில் காசநோய்க்காக உருவாக்கி அங்கே எடுபடாமல் போன மருந்து. அது தோலைக் கருஞ்சிவப்பாக்கும். நிறத்தைப் பார்த்து ஊரார் கண்டுகொள்வார்களே என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தக் கூடாது, சிகிச்சை முடிந்தபின் நிறம் மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிடும். தேமல் ஐந்துக்குள் இருந்தால் 6 மாதம், அதற்கு மேல் இருந்தால் 12 மாதம். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி அடுத்ததில் மாட்டும்.

கிருமி செத்தாலும் நரம்பின் சேதம் தானாகச் சரியாகிவிடாது. இந்த நோயில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கிருமி நரம்பு உறையின் செல்களில் குடியிருக்கிறது. அதை எதிர்த்து உடலின் நோய் எதிர்ப்பு எழும்போது நரம்பு வீங்கி, தன் உறைக்குள்ளேயே நசுங்குகிறது. சிகிச்சை நடக்கும்போதும், முடிந்தபின்பும்கூட இது வரலாம். ஆறு மாதத்துக்குள் கவனித்து, வீக்கத்தைத் தணிக்கும் பிரட்னிசோலோன் மருந்தைக் கொடுத்தால் உணர்ச்சியும் பலமும் மீள நல்ல வாய்ப்புண்டு. தாமதித்தால் விரல்கள் மடங்கிப்போகும்.

வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இதை நெருங்கிப் பார்த்தவர். துருப்பிடித்த பூட்டு ஒன்று திறக்க மறுக்க, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். கீழே ரத்தம் சொட்டியது. விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்கள் அழுகி விழுவதாக உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, வலி தெரியாததால் படும் காயங்களே அவற்றைத் தேய்க்கின்றன என்று பிராண்ட் எடுத்துக்காட்டினார். முன்கைத் தசைகளில் நல்ல பலம் மிஞ்சியிருப்பதைக் கவனித்து, அங்கிருந்து வரும் தசைநாணை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பழைய தசைக்குப் புது வேலை பழக்க வாரக்கணக்கில் பிசியோதெரபி வேண்டும். உணர்ச்சியற்ற பாதத்துக்கு இன்றும் தரப்படும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பின் மெத்தென்ற ரப்பரும் அந்தக் காலத்து முயற்சிதான்.

2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளி என்ற அளவுக்குக் கீழே இந்தியா இறங்கியது. இருந்தும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இங்கேதான். 2018 முதல் உலக சுகாதார நிறுவனம், நோயாளியுடன் நெருங்கிப் பழகுபவர்களைப் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கப் பரிந்துரைக்கிறது. கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். உணர்ச்சியற்ற தேமல் ஒன்று கண்ணில் பட்டால், வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.