எலுமிச்சைத் தளிரில் ஒட்டியிருக்கும் எச்சம்

ஐப்பசி மழை இரண்டு முறை நன்றாகப் பெய்து ஓய்ந்ததும், தேவிபட்டினம் முதல் தொண்டி வரையுள்ள கடற்கரை ஊர்களின் கொல்லைப்புறங்களில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் கொழுந்து விடத் தொடங்கும். கோடை முழுவதும் உவர்த் தண்ணீரையும் சுடுமணலையும் தாங்கி நின்ற கன்று பச்சைப் பிடிப்பதைப் பார்த்து வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, பதினைந்து நாள்களுக்குள் அந்தக் கொழுந்துகள் காணாமல் போய், இலைகளின் நடுநரம்பு மட்டும் ஈர்க்குப்போல நிற்கும். ஆடு கடித்துவிட்டது என்று எண்ணிக் கிளுவை வேலியைச் சரிசெய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆடு கடித்தால் நுனிக் குச்சியும் சேர்ந்து போகும். நடுநரம்பை விட்டுவைத்து ஓரத்திலிருந்து அரித்துத் தின்பது புழுவின் வேலை.

அந்தப் புழுவின் தாய், மஞ்சள் கலந்த வெண்புள்ளிகள் நிறைந்த கருஞ்சிறகும், பின்சிறகின் உள்மூலையில் செங்கல் நிறப் பொட்டும் கொண்ட எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் இதற்கு இட்ட அறிவியல் பெயர் பாப்பிலியோ டெமோலியஸ். இதன் குடும்பத்துப் பூச்சிகள் பலவற்றுக்குப் பின்சிறகில் வால் உண்டு, இதற்கு இல்லை. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம், விளா ஆகிய அனைத்தும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறோம். இந்தப் பூச்சிக்கு அது காலிலேயே தெரியும். பெண் பூச்சி இலையில் வந்து அமர்ந்ததும் முன்னங்கால்களால் அதைத் தட்டுகிறது. அக்கால்களின் நுனியிலுள்ள சுவை உணர்விகள் இலையின் வேதிப்பொருள்களைக் கண்டறிந்து, இதுதான் குஞ்சுக்குரிய செடி என்று உறுதிசெய்த பிறகே, அது சிறகடித்தபடி வயிற்றை வளைத்துத் தளிரில் ஒரு முட்டையை ஒட்டுகிறது. ஓரிடத்தில் ஒன்று என்பதே வழக்கம். ஆகவே ஒரு முட்டையைக் கண்டு கிள்ளி எறிந்துவிட்டு வேலை முடிந்ததென்று திரும்பக் கூடாது. அடுத்தடுத்த கொழுந்துகளையும் பார்க்க வேண்டும்.

கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் நிற உருண்டையான அம்முட்டை மூன்று நான்கு நாள்களில் பொரிக்கும். வெளியே வரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்கிறது. பிறகு இலையின் மேற்பரப்பில், எல்லாரும் பார்க்கும்படியாகவே கிடக்கிறது. ஆனால் யாரும் பார்ப்பதில்லை. கரும்பழுப்பு உடலில் வெள்ளைப் பட்டை ஓடும் அதன் தோற்றம் பறவை எச்சத்தைப் போலவே இருப்பதால், சிட்டுக்குருவியும் விலகுகிறது, நாமும் தண்ணீர் ஊற்றும்போது எச்சம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். நான்கு முறை தோலுரிக்கும் இப்புழு நான்காம் முறைக்குப் பின் ஒரேயடியாக நிறம் மாறுகிறது. முதல் நாள் மாலை எச்சம்போலக் கிடந்த ஒன்று, மறுநாள் காலையில் இலைப்பச்சையாக, தோள்பக்கத்தில் கண்போன்ற பொட்டுகளோடு அமர்ந்திருந்ததைத் தொட்டிச் செடியில் பார்த்தபோது, அது வேறொரு புழு என்றே முதலில் நினைத்தேன். இதன் நெருங்கிய உறவான ஆசியப் பூச்சி ஒன்றை ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர்கள், புழுப் பருவத்தை நீடிக்கச் செய்யும் இளமை ஹார்மோனின் அளவு உடலில் குறைவதே இந்த நிறமாற்றத்தைத் தூண்டுகிறது என்று 2008-இல் காட்டினர். உடல் பெருத்த புழு எச்சம்போல நடித்துப் பயனில்லை. எச்சம் அவ்வளவு பெரிதாக இருக்காது. அதனால் அது இலையோடு இலையாக மறையும் வழிக்கு மாறுகிறது என்று கொள்வது பொருத்தமானது.

இந்தப் பச்சைப் புழுவை விரலால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் பாம்பு நாக்கைப்போலப் பிளவுபட்ட ஓர் உறுப்பு சட்டென வெளியே நீளும். அழுகிய பழத்தின் புளிப்பு நெடி மூக்கில் ஏறும். எறும்புகளையும் சிறு எதிரிகளையும் விரட்ட உதவும் இந்த நெடி மனிதரை எதுவும் செய்யாது. செடிக்கு உண்டாகும் சேதத்தில் பெரும்பகுதி இந்தக் கடைசிப் பருவத்தில்தான் நேர்கிறது.

உண்டு முடித்த புழு குடலைக் காலிசெய்து, சில நேரம் செடியை விட்டே இறங்கி நடந்து, ஒரு குச்சியிலோ சுவரிலோ தான் நூற்ற பட்டிழையாலான சிறு திண்டில் வால்நுனியை மாட்டி, இடுப்பைச் சுற்றி ஒற்றை நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. தளிர்த்தண்டில் அமைந்தால் பச்சையாகவும், காய்ந்த சொரசொரப்பான குச்சியில் அமைந்தால் பழுப்பாகவும் அமைவது பெரும்பாலும் நடக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, பெரும்பாலும் காலை வேளையில் பூச்சி வெளிவரும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து சிறகு வரை ஒரு மாதம்கூடப் பிடிப்பதில்லை. மழைநீர் வற்றும் ஊருணிக் கரைச் சேற்றில் இவை அமர்ந்து உறிஞ்சுவதைக் காணலாம். தேனிலும் இலையிலும் போதிய அளவு கிடைக்காத உப்பை ஆண் பூச்சிகள் அங்கே தேடுகின்றன.

வளர்ந்த எலுமிச்சை மரத்துக்கு இப்புழுவால் பெரிய கேடில்லை. நட்டு இரண்டு ஆண்டு ஆகாத கன்றுக்குத்தான் ஆபத்து. கறிவேப்பிலையில் நஞ்சு தெளிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அந்த இலை மறுநாள் தாளிப்பில் விழப்போகிறது. கொழுந்து விடும் நாள்களில், காலையில் தளிர்களைப் புரட்டி, எச்சம்போலத் தெரிவதைக் குச்சியால் தொட்டுப் பார்த்து, அசைந்தால் எடுத்துவிடுவது வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமானது. கன்றுகள் அதிகமிருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைப் புழு சிறிதாக இருக்கும்போதே தெளிக்கலாம்.

எடுக்காமல் விட வேண்டிய ஒன்றும் உண்டு. சில கூட்டுப்புழுக்கள் பூச்சி வெளிவராமலே கருத்து, பக்கவாட்டில் குண்டூசி முனையளவு துளையோடு காய்ந்து நிற்கும். தோல் கெட்டிப்படுமுன் அவற்றினுள் முட்டையிட்ட சிறு குளவியின் குஞ்சுகள் உள்ளே தின்று வளர்ந்து, அத்துளை வழியே வெளியேறியிருக்கும். துளை விழாமல் கருத்து நிற்கும் கூட்டுக்குள் அக்குளவிகள் இன்னும் இருக்கலாம் என்பதால், அதைச் செடியிலேயே விட்டுவைக்கிறேன்.