தேடுபொறிக்குக் குத்துவிளக்கு எப்படித் தெரிகிறது?

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் உள்ள நாச்சியார்கோவில், பித்தளைக் குத்துவிளக்குக்குப் பெயர்போன ஊர். காவிரியின் வண்டல் மண்ணில் அச்செடுத்து, உருக்கிய பித்தளையை வார்த்து, கடைசல் பிடித்து, மெருகேற்றி உருவாக்கப்படும் இந்த விளக்குகள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. இங்குள்ள கடை ஒன்று புதிதாக இணையப் பக்கம் அமைத்திருப்பதாகக் கொள்வோம். நல்ல படங்கள், தங்க நிறக் கரை, நடுவில் கடையின் பெயரும் கைபேசி எண்ணும் என்று பக்கம் பார்வையாக இருக்கிறது. ஆனால், மகளின் கல்யாணச் சீருக்கு விளக்கு வாங்க விரும்பும் ஒருவர் சென்னையில் அமர்ந்துகொண்டு "நாச்சியார்கோவில் குத்துவிளக்கு" என்று தேடும்போது இந்தக் கடை அவர் கண்ணில் படுவதே இல்லை. விளம்பரத்துக்குப் பணம் கட்டாததுதான் காரணம் என்று கடைக்காரரிடம் பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அதைவிட எளிமையானது: அந்தப் பக்கத்தில் தேடுபொறி படிக்கக்கூடிய ஒரு சொல்கூட இல்லை.

நாம் தேடும் நொடியில் தேடுபொறி உலகத்தையெல்லாம் சுற்றி வருவதில்லை. அது முன்கூட்டியே செய்து வைத்த வேலையின் பலனைத்தான் நமக்குக் காட்டுகிறது. கிராலர் எனப்படும் நிரல், தனக்குத் தெரிந்த பக்கங்களில் உள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று, அங்குள்ள உரையைச் சேகரித்து வருகிறது. அந்த உரை சொல் சொல்லாகப் பிரிக்கப்பட்டு, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்ற அடைவாக மாற்றப்படுகிறது. தடித்த நூல்களின் கடைசியில் இருக்கும் சொல்லடைவும் இதுவும் ஒரே முறையில் அமைந்தவை. நாம் இரண்டு சொற்களைத் தட்டினால், இரண்டுக்கும் உரிய பட்டியல்கள் எடுக்கப்பட்டு, இரண்டிலும் பொதுவாக உள்ள பக்கங்கள் பொறுக்கப்படுகின்றன. அடைவில் ஏறாத பக்கம், எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தப் பொறுக்கலுக்குள் வர வழியில்லை.

நம் கடையின் பக்கத்தைக் கிராலர் திறக்கும்போது அதற்குக் கிடைப்பது என்ன? விசிட்டிங் கார்டுக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் வடிவமைத்த அதே கோப்பை ஜேபெக் (JPEG) என்னும் பட வடிவில் ஏற்றியிருந்தால், கிடைப்பது ஒரு படத்தின் பெயர் மட்டுமே. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் நிரல்கள் இன்று உண்டு என்றாலும், பக்கத்தின் சொந்த உரைக்கு நிகராக அவற்றை நம்பியிருக்க முடியாது. போதாக்குறைக்கு, ஜேபெக் முறையின் இயல்பே எழுத்துக்கு எதிரானது. அது படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் சாயல்களாகவும் சட்டென்று மாறும் நுணுக்கங்களாகவும் பகுத்து, நம் கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் குறைத்துவிடுகிறது. கர்நாடகத்தில் பிறந்த பொறியியலாளர் நசீர் அகமதுவும் அவருடைய சகாக்களும் 1974இல் வெளியிட்ட கணித உருமாற்றமே இதற்கு அடிப்படை. பித்தளையின் பளபளப்பு ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல நழுவுவதால், விளக்கின் படம் இந்தக் குறைப்பைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் வெள்ளையிலிருந்து கறுப்புக்குச் சட்டென்று தாவும் எழுத்தின் ஓரம் தாங்குவதில்லை. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த பேனரில் கைபேசி எண்ணைச் சுற்றிப் புகை படிந்ததுபோல் தெரிவதற்கு இதுதான் காரணம்.

எழுத்தைப் படமாக்காமல் எழுத்தாகவே தட்டச்சு செய்தவர்களுக்கும் தமிழில் ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது. நம் ஊர் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கணினிகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. இவற்றில் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது மட்டும்தான் எழுத்துருவின் வேலை. "விளக்கு" என்று பாமினியில் அடித்தால், கணினிக்குள் இருப்பது சிறிய டி, சிறிய பி, சிறிய எஸ், சிறிய எஃப், அரைப்புள்ளி, பெரிய எஃப் ஆகிய ஆறு குறிகள், அதாவது 116, 112, 115, 102, 59, 70 என்ற எண்கள். அதே சொல்லை, உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் பொதுத் தரநிலையான யூனிகோடில் அடித்தால் 2997, 3007, 2995, 2965, 3021, 2965, 3009 என்ற ஏழு எண்கள் சேமிக்கப்படுகின்றன. இவற்றுள் 2997 என்பது வகரம், 3007 இகரக் குறி, 3021 புள்ளி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம், ஆனால் வாடிக்கையாளர் கைபேசியில் தட்டுவது யூனிகோடு என்பதால், பாமினிப் பக்கத்தின் எண்கள் அவருடைய எண்களோடு ஒருபோதும் பொருந்துவதில்லை. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரநிலையாக ஏற்றுக்கொண்டது. பழைய உரையை மாற்றித்தரும் நிரல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கைவினைஞரின் ஊரும் தொழிலும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கிடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடைவில் ஏறிய பிறகு எழும் கேள்வி, யாரை முதலில் காட்டுவது என்பது. இதற்குத் தேடுபொறிகள் பல அளவுகோல்களைக் கையாள்கின்றன. 1998இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த, ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களை வைத்து அதன் மதிப்பைக் கணிக்கும் முறை பரவலாக அறியப்பட்டது. சிறு வணிகர்கள் அவசியம் அறியவேண்டியது அதற்கும் மூத்த ஒரு கருத்து. ஒரு சொல் எவ்வளவு குறைவான பக்கங்களில் வருகிறதோ அவ்வளவு அதிக எடையை அதற்குத் தரவேண்டும் என்பதை 1972இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் விளக்கினார். "தரமான பொருள்கள், நியாயமான விலை" என்பவை எல்லாக் கடைக்காரர்களும் எழுதும் சொற்கள் ஆதலால் அவற்றுக்கு எடை மிகக் குறைவு. "நாச்சியார்கோவில்", "அன்ன விளக்கு", "சீர்வரிசை" என்பவை அப்படியல்ல. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் திருபுவனம் பட்டுக்கும் சுவாமிமலைச் செப்புத்திருமேனிக்கும் இது பொருந்தும். டெல்டாவின் கைத்தொழில்கள் ஊர்ப்பெயரையும் சேர்த்தே அறியப்படுபவை ஆதலால், பெரிய நகரத்துக் கடைக்கு எளிதில் வாய்க்காத எடை இங்குள்ள சிறு கடைக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. அதை எழுதாமல் விடுவதுதான் பெரிய இழப்பு.

எழுதும்போது வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லையே எழுதவேண்டும். கடைக்கு வருபவர் "ரெண்டடியில ஒரு ஜோடி எத்தனை கிலோ வரும்?" என்றுதான் கேட்கிறார். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கீழே உயரம், எடை, மேலே அன்னமா வேறு வேலைப்பாடா என்பது உரையாக இருக்கவேண்டும். அதையே, படத்தோடு திரையில் தெரியாமல் சேர்க்கப்படும் மாற்று உரையாகவும் இட்டால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது சென்று சேரும். நாச்சியார்கோவில், நாச்சியார்கோயில் என்ற இரு வழக்கும் பக்கத்தில் இயல்பாக இடம்பெறுவது நல்லது. ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் ஏராளம் என்பதால் அந்த வடிவத்துக்கும் ஓர் இடம் கொடுக்கவேண்டும்.

பக்கத்தின் கோப்பு அளவும் கவனிக்கவேண்டியது. கைபேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அது 32 மெகாபிட். நொடிக்கு 4 மெகாபிட் மட்டுமே கிடைக்கும் இடத்தில் அந்த ஒரு படம் வந்து சேர 8 நொடிகள் ஆகும். பக்கத்தின் முதன்மையான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் பரிந்துரைக்கும் அளவு. கைபேசித் திரைக்கு 1,200 புள்ளி அகலமே பெரும்பாலும் போதுமாதலால், படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்னும் சிக்கனமான பட வடிவில் சேமித்தால் வழக்கமாக ஓரிரு நூறு கிலோபைட்டுக்குள் முடிந்துவிடும். "விளக்கு" என்ற சொல்லோ வெறும் 21 பைட் மட்டுமே பிடிக்கிறது.

தங்கள் பக்கம் எந்த நிலையில் உள்ளது என்பதைக் கடைக்காரர்களே சோதித்துக்கொள்ளலாம். பக்கத்தைக் கைபேசியில் திறந்து, கடையின் பெயர்மீது விரலை அழுத்திப் பிடிக்கவேண்டும். எழுத்து தேர்வாகவில்லை என்றால் அது பெரும்பாலும் படம். தேர்வானதை நகலெடுத்து ஒரு குறுஞ்செய்தியில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தால் அது பழைய எழுத்துரு. தமிழாகவே ஒட்டினால் அது யூனிகோடு. திருத்திய பிறகு, கூகுள் சர்ச் கன்சோல் என்னும் இலவசச் சேவையில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, மீண்டும் வந்து படிக்குமாறு கேட்கலாம். கிராலர் திரும்பி வரச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகலாம் என்பதால், ஆவணியிலோ தையிலோ வரும் முகூர்த்தங்களின் வியாபாரத்தை எதிர்பார்ப்பவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.