அங்கீகாரம்: மனைக்கும் மாநகருக்கும் ஒரே சொல்லா?

திண்டிவனம் தாண்டிச் சென்னை நோக்கி வரும் நெடுஞ்சாலையின் ஓரங்களில் புதிதாகப் பிரித்த மனைகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். எல்லைக் கல் நட்டு, கல்லுக்கு மஞ்சள் அடித்து, கம்பத்துக்குக் கம்பம் வண்ணக் கொடிகளைக் கட்டி, நுழைவு வளைவில் 'டிடிசிபி அங்கீகாரம் பெற்ற மனைகள்' என்று எட்ட இருந்தே படிக்கும்படி எழுதியிருப்பார்கள். அந்த அங்கீகாரமும், 'நகரத் திட்டமிடலுக்குச் சர்வதேச அங்கீகாரம்' என்று செய்தித் தலைப்பில் வரும் அங்கீகாரமும் ஒன்றல்ல. முன்னது, மனைப்பிரிவு விதிப்படி இருக்கிறது என்று நகர் ஊரமைப்பு இயக்ககம் தரும் ஒப்புதல். பின்னது, செய்ததைச் செம்மையாகச் செய்தீர்கள் என்று துறை அறிந்தவர்கள் தரும் பாராட்டு. எழுத்தாளருக்கு அங்கீகாரம் கிடைத்தது என்று எழுதினால் அவருக்கு உரிமம் வழங்கப்பட்டதாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் நகரமைப்பில் இந்தச் சொல் மனை வாங்குவோர், பத்திரம் எழுதுவோர், வங்கிக் கடன் அலுவலர் எல்லோரும் நாள்தோறும் ஆளும் தொழிற்சொல்லாகிவிட்டதால், அதே துறையில் அதையே பாராட்டுக்கும் வைப்பது பொருளைக் குழப்புகிறது. 'நகர, மண்டலத் திட்டமிடலில் மேன்மைக்கான சர்வதேச அங்கீகாரம்' என்பது போன்ற தொடரை எப்படி எழுதலாம் என்று இங்கே சொல் சொல்லாகப் பார்க்கிறேன்.

அங்கீகாரம் வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கம் என்பது உறுப்பு. அதனோடு செய்தலைக் குறிக்கும் வினை சேர்ந்து, ஒன்றைத் தன் உறுப்பாக ஆக்கிக்கொள்ளுதல், அதாவது ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருள் பிறந்தது. காணிக்கையை அங்கீகரித்தல், விண்ணப்பத்தை அங்கீகரித்தல் என்ற வழக்குகளில் இந்த முதற்பொருள் தெளிவாகத் தெரியும். ஏற்பவர் மேலே இருக்கிறார், ஏற்கப்படுவது கீழிருந்து வருகிறது. பள்ளிக்கு அங்கீகாரம், அரசியல் கட்சிக்கு அங்கீகாரம் என்னும் ஆட்சிமொழி வழக்குகளும் இந்தப் படிநிலையைக் காத்துவருகின்றன. அவற்றில் அங்கீகாரம் கிடைத்தால் ஓர் உரிமையும் கூடவே கிடைக்கிறது. மனைக்கும் அப்படித்தான். 2016இல் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோதும், 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்த அரசு விதிகளைக் கொண்டுவந்தபோதும், இந்தச் சொல்லின் கனம் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை உணரப்பட்டது. விருதோ எந்த உரிமையையும் தருவதில்லை. பன்னாட்டு விருது பெற்ற திட்டமும் உள்ளூரில் ஒப்புதலின்றிக் கிடப்பில் கிடக்கலாம்.

துறையின் விருதுகள் எவற்றுக்குத் தரப்படுகின்றன என்று பார்த்தால் வேறுபாடு இன்னும் விளங்கும். கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டு ஒன்றியம் 1961 முதல் சர் பேட்ரிக் ஏபர்குரோம்பி பெயரில் நகரமைப்புக்கு ஒரு பரிசு வழங்கிவருகிறது. அந்த ஒன்றியத்தின் முதல் தலைவர் அவர். போர்க்காலத்தில் இலண்டனுக்கும் அதைச் சூழ்ந்த பெரும்பரப்புக்கும் திட்டங்கள் வகுத்தவர். இலங்கைத் தமிழருக்கும் அவர் அயலார் அல்லர். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் அமைப்பில் அவருக்குப் பங்குண்டு. 1948இல் கொழும்புப் பெரும்பரப்புக்கான திட்டத்தை வகுத்து, இரத்மலானை, ஹோமாகம, றாகம ஆகியவற்றைத் துணைநகரங்களாக வளர்க்கச் சொன்னவரும் அவரே. அவர் பெயரிலான முதல் பரிசு ஸ்டாக்ஹோமின் நகரமைப்பு அலுவலகத்துக்குச் சென்றது. ஸ்வென் மார்கேலியஸ், யோரன் சிடன்பிளாத் ஆகியோர் அதை வழிநடத்தியவர்கள். சுரங்க ரயில் பாதையை முன்கூட்டியே திட்டமிட்டு, அதன் நிலையங்களைச் சுற்றி வேலையிடம், வீடு, கடைத்தெரு மூன்றும் ஒருங்கே அமையுமாறு புறநகர்களை எழுப்பிய அலுவலகம் அது. ஒப்புதல் முத்திரை குத்தும் வகையைச் சேர்ந்த ஓர் அலுவலகம் இங்கே பாராட்டைப் பெறும் இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு அங்கீகாரம் கிடைத்தது என்று எழுதினால், அலுவலகத்துக்கே இன்னோர் அலுவலகம் ஒப்புதல் தந்ததுபோல் ஆகிவிடும்.

விருது பெற்ற நகரமைப்பு முயற்சி ஒன்று தமிழகக் கரையை அடைய முடியாமல் கடலில் மூழ்கிய கதையும் உண்டு. ஸ்காட்லாந்தின் பேட்ரிக் கெடிஸ் உயிரியல் படித்து நகரமைப்புக்கு வந்தவர். உலக நகரங்களின் வரைபடங்களையும் படங்களையும் தொகுத்து அவர் நடத்திய கண்காட்சி, 1913இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு அதைச் சென்னைக்குக் கொண்டுவர ஏற்பாடாயிற்று. சரக்கை ஏற்றி வந்த கிளான் கிராண்ட் என்னும் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வழிமறித்து மூழ்கடித்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசி, 'அவன் சரியான எம்டன்' என்ற பேச்சுவழக்கை நமக்கு விட்டுப்போன அதே எம்டன்தான். கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் திரட்டி அனுப்பிய புதிய படங்களைக் கொண்டு 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பிறகு மாகாணத்து ஊர்கள் சிலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெருக்கடியான தெருவை இடித்துத் தள்ளி நேர்ச்சாலை போடுவதைவிட, கேடான கட்டடங்களை மட்டும் அகற்றிக் காற்றும் வெளிச்சமும் வர இடம் விட்டால் போதும் என்பது இந்தியாவில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வழி. 1920இல் சென்னை மாகாணத்துக்கென்று நகரமைப்புச் சட்டம் வந்தது.

இனி நகரமைப்பு என்ற சொல்லுக்கு வருவோம். இன்று இதழ்களில் அதைவிட நகர்ப்புறத் திட்டமிடல் என்பதே மிகுதியாகக் காணப்படுகிறது. பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே பொருளைச் சொல்லவில்லை என்பது என் கருத்து. திட்டமிடல் வேலையின் தொடக்கத்தைச் சொல்கிறது. வரைபடம் முடிந்ததும் அதன் எல்லையும் முடிகிறது. அமைப்பு அப்படியன்று. அமைத்தல் என்றால் ஒருவர் முனைந்து செய்வது. அமைதல் என்றால் தானாகப் பொருந்தி வருவது. 'நல்ல வரன் அமைஞ்சிருக்கு', 'மனை அமையவே மாட்டேங்குது' என்று வீட்டில் பேசும்போது, நம் முயற்சிக்கு அப்பாலும் ஏதோ கூடி வரவேண்டும் என்பதை இந்த வினை உணர்த்துகிறது. நகரமும் பாதி அமைக்கப்படுவது, பாதி அமைவது. இரண்டுக்கும் இடம் தரும் ஒரு வேர்ச்சொல் கையில் இருக்கும்போது அதை விடுவானேன்? சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்று சொன்னால் அங்குள்ள தமிழ்க் குழந்தைக்கும் புரியும்; அங்கும் இதே அமைப்புதான்.

விருதுக் குழுக்களின் போக்கையும் இந்த வேறுபாட்டைக் கொண்டே பிரித்துப் பார்க்கலாம். தி ஹேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1965இல் தோன்றிய நகர, மண்டலத் திட்டமிடுநர்களின் பன்னாட்டுச் சங்கம் புதுமையான திட்டங்களையும் முயற்சிகளையும் தேர்ந்து விருது தருகிறது. அங்கே திட்டமிடலுக்கு மதிப்பு. சிங்கப்பூர் 2010 முதல் வழங்கும் லீ குவான் இயூ உலக நகரப் பரிசு, ஒரு நகரம் பல்லாண்டு உழைத்து எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கிறது. அங்கே அமைப்புக்கு மதிப்பு. அதன் முதல் பரிசைப் பெற்ற ஸ்பெயினின் பில்பாவோவைப் பலரும் 1997இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தைக் கொண்டே அறிவார்கள். ஆனால் அழுக்கேறிக் கிடந்த ஆற்றைத் தூய்மை செய்தது, கப்பல் கட்டும் தளங்கள் இருந்த கரையை மக்களுக்குத் திறந்துவிட்டது, 1995இல் மெட்ரோ ரயிலை ஓடவிட்டது எல்லாம் சேர்ந்தே அந்த மாற்றம் நிகழ்ந்தது. 2016இல் பரிசு பெற்ற கொலம்பியாவின் மெடெயின் நகரமோ மலைச்சரிவில் இருக்கும் ஏழைக் குடியிருப்புகளுக்கு 2004 முதல் கம்பிவட வண்டிகளை விட்டது. ஒரு குடியிருப்பில் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கியவர்களுக்காகத் திறந்த வெளியிலேயே மின் ஏணிகளைக் கட்டியது.

நகரத்தோடு சேர்த்துத் திட்டமிடும் பெரும்பரப்பைக் குறிக்க மண்டலமா, வட்டாரமா என்ற கேள்வி எளிதில் தீராது. வட்டார வளர்ச்சி அலுவலர் என்னும்போது வட்டாரம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மண்டலமோ மாநகராட்சியின் ஒரு பிரிவையும், நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கோ தொழிலுக்கோ ஒதுக்கிய பகுதியையும் ஏற்கெனவே சுமக்கிறது. இருந்தாலும் தொண்டை மண்டலம், கொங்கு மண்டலம் என்று ஆறும் நிலமும் தொழிலும் சேர்ந்த பெரும்பரப்பைக் குறித்த பழக்கம் அதற்கு இருப்பதால், நான் மண்டலத்தையே தேர்வேன். ஈழத்தில் பிராந்தியம் என்பார்கள். அங்கே அதுவே பொருந்தும்.

விருது என்ற சொல்லில் சிக்கல் இல்லை. அதுவும் வடமொழி வழி வந்ததே. பட்டப்பெயரையும் வெற்றிக் கொடியையும் குறித்து, இப்போது பரிசுக்கு நிலைத்துவிட்டது. விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆனதால் அந்தச் சொல்லும் நகரும் ஓர் ஊர்ப்பெயரில் கைகோத்தும் நிற்கின்றன.

மீதமிருப்பது பாராட்டைக் குறிக்கும் அங்கீகாரத்துக்கு மாற்றுச் சொல். ஏற்பு, ஏற்பிசைவு என்று சிலர் எழுதுகிறார்கள். அவை அங்கீகாரத்தின் முதற்பொருளுக்குச் சரியான தமிழ். நாடுகளுக்கும் கட்சிகளுக்கும் தாராளமாக வைக்கலாம். ஆனால் அவற்றிலும் அதே படிநிலைதான் இருக்கிறது. பழந்தமிழில் இதற்குச் சிறப்பு என்ற சொல் இருந்தது. ஏனாதி, எட்டி, காவிதி என்ற பட்டங்களைத் தந்து அரசன் செய்தது சிறப்பு; ஒருவனிடம் உள்ள மேன்மையும் சிறப்பே, அதற்காக ஊர் அவனுக்குச் செய்வதும் சிறப்பே. கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டி மாலை போடுவதைச் 'சிறப்புச் செய்றாங்க' என்று சொல்வோர் இன்றும் உண்டு. மேன்மையும் அதற்கான மதிப்பும் ஒரே சொல்லில் அடங்குவதால், 'நகர, மண்டல அமைப்பில் மேன்மைக்கான பன்னாட்டுச் சிறப்பு' என்று எழுதினால் பொருள் முழுவதும் வந்துவிடுகிறது. மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் பன்னாட்டு என்ற இடத்தில் அனைத்துலக என்று போட்டுக்கொள்வார்கள், பொருள் மாறாது.

இதில் ஒரு குறை உண்டு. சிறப்பு ரயில், சிறப்புத் தள்ளுபடி என்று விளம்பரங்கள் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டதால், தலைப்பில் அதைப் பெயராகத் தனித்து வைத்தால் வாசகர் வேறு எதையோ எதிர்பார்ப்பார். வினையாக்கினால் இந்தக் குறை நீங்குகிறது: ஸ்டாக்ஹோம் நகரமைப்பு அலுவலகத்தை 1961இல் கட்டடக் கலைஞர் ஒன்றியம் சிறப்பித்தது, மெடெயினை 2016இல் சிங்கப்பூர் சிறப்பித்தது.