பயிற்சிக்குப் பணம் உண்டு, புத்தகத்துக்கு இல்லை

2023 ஆகஸ்ட் 10-ம் தேதி காலை. கோர்ட் வளாகத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சட்ட உதவிப் பட்டியலில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஓர் இளம் வழக்கறிஞர் வேகமாக வந்தார். பைக் திருட்டு வழக்கில் ஒரு கட்டடத் தொழிலாளி, ஜூன் 10 அன்று ரிமாண்ட் ஆனவர். "சார், இன்னைக்கு 61-வது நாள். இன்னும் குற்றப்பத்திரிகை வரல. 167(2)-ல மனு போடப் போறேன்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இப்படிப்பட்ட வழக்கில் ரிமாண்ட் ஆகி 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வரும். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2) அதுதான். நான் விரல்விட்டு எண்ணினேன். ஜூனில் 10 முதல் 30 வரை 21 நாள். ஜூலையில் 31. ஆக 52. ஆகஸ்ட் 8-ல் 60 முடிந்துவிட்டது. 61-வது நாள் நேற்று. நேற்று மத்தியானம் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டது. அதற்கு முன்பே மனு போட்டிருந்தால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். குற்றப்பத்திரிகை வந்தபின் அந்த உரிமை போச்சு. ஜாமீன்தாரர் கிடைத்து அந்தப் பையன் வெளியே வர மேலும் மூன்று மாதம் ஆனது.

இளம் வழக்கறிஞரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் பையில் ஒரு தாள்கட்டு இருந்தது, ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்தது. பவர்பாயின்ட் படங்களை ஒரு பக்கத்துக்கு ஆறாக அடித்து, அதை நகல் எடுத்து, அந்த நகலை மறுபடியும் நகல் எடுத்த தாள்கள். எழுத்து கொசுக்கால் மாதிரி இருந்தது. அதில், "ரிமாண்ட் செய்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது" என்று இருந்தது. முன்பு இரண்டு விதமாகவும் தீர்ப்புகள் இருந்ததால் அது ஒரு காலத்தில் தப்பும் இல்லை. ஆனால் 2023 மார்ச் 27 அன்று கபில் வாதவான் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று முடித்துவைத்துவிட்டது. நாலு மாதத்துக்கு மேல் ஆகியும் தாளில் அந்த வரி மாறவில்லை. மாற்றுவது யார் வேலை என்று யாரும் சொல்லிவைக்கவும் இல்லை.

விசாரணைக்கு முந்தைய கட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் என்றால் வழக்கறிஞர்கள் மட்டும் அல்ல. ரிமாண்டுக்கு வரும் சட்ட உதவி வழக்கறிஞர், சிறைக்குப் போய் மனு எழுதித் தரும் சட்டத் தன்னார்வலர், சிறை அலுவலகத்தில் பதிவேடு எழுதுபவர், சிறை நல அலுவலர், நன்னடத்தை அலுவலர், மாஜிஸ்ட்ரேட்டின் பெஞ்ச் கிளர்க், ஸ்டேஷன் ரைட்டர் எல்லோரும் உண்டு. ஒருவர் கையில் தேதி தவறினால் அடுத்தவர் கையிலும் தவறும். இந்தியச் சிறைகளில் 2022 முடிவில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75.8. அவர்கள் எத்தனை நாள் உள்ளே இருப்பார்கள் என்பதில் பெரும்பங்கு, இந்த ஆட்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது.

சரி, பயிற்சிக்குப் பணமே இல்லையா? உண்டு. அதுதான் வேடிக்கை. மண்டபம் பிடிக்க, ஃபிளெக்ஸ் கட்ட, சால்வை வாங்க, மத்தியானம் பிரியாணி போட, குழு போட்டோ எடுக்க எல்லாவற்றுக்கும் தலைப்பு இருக்கிறது. செலவுச் சான்றிதழில் "பங்கேற்றோர் 120" என்று எழுதினால் வேலை முடிந்தது. பெரும்பாலும் மார்ச் மாதக் கடைசியில்தான் இந்த வகுப்புகள் மும்முரமாக நடக்கும், ஏன் என்று அரசு அலுவலகத்தோடு பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்கேற்றவர் வீட்டுக்கு எடுத்துப் போகும் தாளை எழுதியவருக்கும், சரிபார்த்தவருக்கும், அடுத்த வருடம் திருத்துபவருக்கும் அந்தப் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்காது.

பெரிய அளவிலும் இதே கதைதான். நீதித்துறை மேம்பாட்டுக்கு 13-வது நிதிக்குழு 2010 முதல் 2015 வரையிலான காலத்துக்கு 5,000 கோடி ரூபாய் ஒதுக்கப் பரிந்துரைத்தது. அதில் நீதிபதிகள் பயிற்சிக்கு 250 கோடி, மாநில நீதித்துறை அகாடமிகளுக்கு 300 கோடி, அரசு வழக்கறிஞர்கள் பயிற்சிக்கு 150 கோடி. சட்ட உதவிக்கும் 200 கோடி உண்டு, ஆனால் எதிர்த்தரப்பில் நிற்கும் சட்ட உதவி வழக்கறிஞரின் பயிற்சிக்கு என்று தனித் தலைப்பு இல்லை. மொத்தத் தொகையில் பெரும்பகுதி செலவாகவும் இல்லை. நீதிபதிக்கும் அரசுத் தரப்புக்கும் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று பேர் ஆடும் ஆட்டத்தில் இரண்டு பேருக்கு மட்டும் விதிப் புத்தகம் கொடுத்தால் எப்படி என்றுதான் கேட்கிறேன்.

2024 ஜூலை 1 அன்று நடந்ததைச் சொன்னால் இன்னும் புரியும். அன்றைக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ் என்ற புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கைது செய்யாமல் விசாரணைக்கு அழைக்கும் 41ஏ நோட்டீஸ் 35(3) ஆனது. 167 போய் 187 வந்தது. 436ஏ போய் 479 வந்தது. எங்களிடம் இருந்த அத்தனை கையேடுகளும் ஒரே ராத்திரியில் பழைய பேப்பர் ஆயின. எண் மட்டும் மாறியிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளித்திருக்கலாம். 479-ல் உள்ளடக்கமே மாறியது. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்தால் ஜாமீனில் விடுதலை என்பது பழைய விதி. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும் என்பது புது விதி. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றத்துக்கு இது கிடையாது, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. ஜூலை 1-க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதை ஒரு வகுப்பில் அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் சிறை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதாது. அவர் முன்னால் இருக்கும் வாரண்டில் பிரிவு எண் மட்டும்தான் இருக்கும். அந்தப் பிரிவுக்கு அதிகபட்சம் எத்தனை வருடம், மூன்றில் ஒரு பங்கு எந்தத் தேதியில் முடிகிறது, இவருக்கு முன்பு தண்டனை உண்டா என்பதை எங்கே கேட்பது — இதெல்லாம் மேஜையில் ஒட்டிய ஓர் அட்டவணையில் இருந்தால்தான் வேலை நடக்கும். நாங்கள் அப்படி ஒன்று தயாரித்தோம், ஒரே பக்கம். அதைத் தயாரிக்க மூன்று வழக்கறிஞர்களுக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஞாயிற்றுக்கிழமைக்கு யாரும் நிதி தருவதில்லை.

மொழி விஷயம் தனி வேலை. ஒரு நிறுவனம் எங்களுக்கு அனுப்பிய தமிழ்க் கையேட்டில் விசாரணைக் காலச் சிறைவாசத்தை "தடுப்புக்காவல்" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். இங்கே தடுப்புக்காவல் என்றால் குண்டர் சட்டம். அதைப் படித்த ஒரு தன்னார்வலர், திருட்டு வழக்கில் உள்ளே இருந்தவரின் அம்மாவிடம் போய் "உங்க பையன் தடுப்புக்காவல்ல இருக்கான்" என்று சொல்ல, அந்த அம்மா மயக்கம் போட்டு விழாத குறை. "காவல்" என்ற ஒரே சொல்லே போதும், குழப்புவதற்கு. "நீதிமன்றக் காவலில் வைக்க உத்தரவு" என்றால் குடும்பம் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கிறது. அதனால், ரிமாண்ட் வேலை பார்ப்பவர்களுக்காக நாங்களே தமிழில் அடித்த சின்னப் புத்தகத்தில் "போலீஸ் காவல் (ஸ்டேஷனில்)", "நீதிமன்றக் காவல் (சிறையில்)" என்று ஒவ்வோர் இடத்திலும் இடத்தையும் சேர்த்தே அடித்தோம். பிணை என்று எழுதினால் அரசுத் தமிழ், பெயில் என்றால்தான் கேட்பவருக்குப் புரிகிறது. இரண்டையும் போட்டோம். தூயதமிழ் நண்பர்கள் மன்னிக்கவும்.

இதுபோன்ற தப்புகளை மொழிபெயர்ப்பாளர் மேல் போடுவதில் நியாயம் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வாங்கிய வேலை அது. அச்சுக்கு முன் பத்துத் தன்னார்வலர்களிடம் கொடுத்து, "இதை எனக்கு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் நான் இப்போதெல்லாம் முதலில் எழுதுவது இந்தச் செலவைத்தான்: பத்துப் பேருக்கு இரண்டு நாள் படி, பஸ் காசு. அச்சுக் கூலியைவிட இது முக்கியம். சிவகாசியில் விசாரித்தபோது, சட்டைப் பையில் அடங்கும் 48 பக்கப் புத்தகம் ஆயிரம் அடித்தால் ஒன்று நாற்பது ரூபாய்க்குள் முடியும் என்றார்கள். ஒரு வகுப்பின் பிரியாணிச் செலவு.

பணத்தை யாரிடம் கேட்பது? இலவச சட்ட உதவிக்கான சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-ன் 17-வது பிரிவைப் பலர் படிப்பதில்லை. மாவட்ட சட்ட உதவி நிதி என்று ஒன்று இருக்கிறது, மாநில ஆணைக்குழுவின் முன் அனுமதியோடு தனிநபரின் நன்கொடையையும் அதில் வாங்கலாம். எங்கள் முதல் பதிப்பை இப்படித்தான் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் நன்கொடையில் அடித்தோம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை நான் இரண்டு முறை முயன்று கைவிட்டேன். "ஏழாவது அட்டவணையில் இது எந்தத் தலைப்பில் வரும்?" என்று கேட்பார்கள். அந்த நிதியை எதற்குச் செலவிடலாம் என்று கம்பெனிச் சட்டத்தில் உள்ள பட்டியல் அது. பள்ளிக்குக் கழிப்பறை என்றால் உடனே புரியும், விசாரணைக் கைதியின் வழக்கறிஞருக்குப் புத்தகம் என்றால் புருவம் உயரும். வெளிநாட்டு நிதி வாங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு, அதற்கான சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. சிறிய குழுக்களுக்கு அந்த வழியும் குறுகிவிட்டது.

யாரிடம் வாங்கக் கூடாது என்பதும் உண்டு. ஒரு மில் முதலாளி மொத்தச் செலவையும் ஏற்கிறேன், பின் அட்டையில் மில் பெயர் போதும் என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த மில் வாசலில் நடந்த போராட்டத்தில் கைதான தொழிலாளர்களுக்கு அப்போது சட்ட உதவியில் ஆஜராகிக்கொண்டிருந்தது எங்கள் ஆட்கள். அந்தப் புத்தகத்தை அவர்கள் முன்னால் எப்படி எடுப்பது? வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இன்னொரு முறை ஒரு சீனியர் தன் பெயரும் போன் நம்பரும் போடச் சொன்னார். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்ற பார் கவுன்சில் விதி அவருக்குத் தெரியாதது அல்ல.

புத்தகத்தைவிட அதிகம் பயன்பட்டது அதோடு வைத்த ஒரு கெட்டி அட்டை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாஜிஸ்ட்ரேட் குடியிருப்பு வாசலில் ஜீப் வந்து நிற்கும். உள்ளே போக உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம். அப்போது புத்தகம் புரட்ட முடியாது. அட்டையில் கேள்விகள் மட்டும்: எப்போது, எங்கே பிடித்தார்கள், 24 மணி நேரம் தாண்டியதா? காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா, உங்களுக்குத் தெரிந்த மொழியில் இருந்ததா? வீட்டில் யாருக்குச் சொன்னார்கள்? உடம்பில் வலி உண்டா, டாக்டர் சட்டையைக் கழற்றிப் பார்த்தாரா? அந்தக் கடைசிக் கேள்வியைப் பெரிய எழுத்தில் அடித்ததற்குக் காரணம் சாத்தான்குளம். 2020 ஜூனில் அந்தத் தந்தையும் மகனும் ரிமாண்ட் ஆகித்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். சில நாளில் இருவரும் இறந்தார்கள். கைதுக்கும் சிறைக்கும் நடுவில் ஒருவராவது நின்று கேட்க வேண்டிய இடம் ரிமாண்ட்.

பெயில் கிடைத்த பிறகு நடப்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். பெயில் கிடைத்தும் வெளியே வராதவர்களை ஒவ்வொரு சிறை விசிட்டிலும் பார்க்கிறேன். இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு என்று நிபந்தனை இருக்கும். வடமாநிலத்துத் தொழிலாளி ரத்த உறவுக்கு எங்கே போவார்? உள்ளூர் ஜாமீன்தாரர் என்று வற்புறுத்துவதை மோதிராம் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. உத்தரவு வந்து ஏழு நாளில் கைதி வெளியே போகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவு. அதே ஆண்டு மத்திய அரசு, ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை கட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நான் கேட்ட தன்னார்வலர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. அந்தத் திட்டத்துக்கான மாவட்டக் குழுவுக்கு எப்படி மனு எழுதுவது என்ற மாதிரிப் படிவத்தைச் சேர்த்தபின் எங்கள் ஊரிலிருந்து மனுக்கள் போக ஆரம்பித்தன.

நிதி தர முன்வருபவர்களிடம் நான் இப்போது ஒன்றே ஒன்று வற்புறுத்துகிறேன். ஒரு வருடத்துக்குப் பெரிய தொகை வேண்டாம், மூன்று வருடத்துக்குச் சின்னத் தொகை கொடுங்கள், அதில் திருத்தப் பதிப்புக்கு என்று எழுதிக் கொடுங்கள். முன் அட்டையில் புத்தகத்தின் பெயரைவிடப் பெரிதாகத் தேதி இருக்கட்டும். "இந்தத் தேதிக்கு ஒரு வருடம் கழித்து இதை நம்பாதீர்கள்" என்றும் அடித்துவிடுகிறோம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்கிறார்கள். அனுப்புகிறோம். ஆனால் சிறைக்குள் போகும்போது போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

எங்களிடம் இப்போது இருப்பது மூன்றாம் பதிப்பு. 2025 நவம்பரில் மிஹிர் ஷா வழக்கில், எல்லாக் குற்றங்களுக்கும் கைதுக் காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 11-ம் பக்கத்தில் அது இல்லை. புதிய பதிப்புக்குப் பணம் வரும்வரை, மீதமிருக்கும் பிரதிகளில் ஒரு துண்டுச் சீட்டு அடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த இளம் வழக்கறிஞர்தான் பசை தடவுகிறார்.