டிரான்ஸ்அமினேஸ்: அமினோமாற்று நொதி

கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டின் கடைசியிலும் நிற்கிற 'டி'தான் டிரான்ஸ்அமினேஸ். உடம்பின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதிகளில் (என்சைம்களில்) இது ஒரு வகை.

'டிரான்ஸ்' இலத்தீன், கடந்து, அந்தப் பக்கம் என்று பொருள். 'அமின்' வந்தது அம்மோனியாவிலிருந்து. அம்மோனியாவின் கதை இன்னும் பழையது. இன்றைய எகிப்தின் சீவா பாலைவனச் சோலையில் அம்மோன் என்ற கடவுளுக்குக் கோயில் இருந்தது. அந்த வட்டாரத்து உப்பை ரோமானியர் 'அம்மோன் உப்பு' என்றார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயர் நவச்சாரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவித் தேய்ப்பாரே, குப்பென்று புகை கிளம்புமே, அதே நவச்சாரம்தான். அதிலிருந்து கிடைத்த வாயு அம்மோனியா ஆனது.

'ஏஸ்' என்ற வால் 1833இல் பாயன், பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து எடுத்த 'டயஸ்டேஸ்' தந்தது. டயஸ்டேஸும் ஒரு நொதிதான்; அதன் பெயரின் கிரேக்க மூலத்துக்குப் 'பிரித்தல்' என்று பொருள். அப்புறம் அந்த வால் நொதிகளுக்கெல்லாம் பொதுவாகிவிட்டது.

சரி, இந்த நொதி உடம்பில் என்ன செய்கிறது? உணவுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களில் மிஞ்சியதை உடம்பு சேமித்து வைப்பதில்லை, உடைத்துவிடுகிறது. பெரும்பாலானவற்றுக்கு முதல் வெட்டு நைட்ரஜன் இருக்கும் அமினோ தொகுதியில்தான். எஸ்.ஜி.பி.டி.யை எடுத்துக்கொள்வோம். அது அலனின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ தொகுதியைக் கழற்றி, ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட் என்ற இன்னொரு மூலக்கூறில் மாட்டுகிறது. அலனின் பைருவேட்டாகிறது, வாங்கிக்கொண்டது குளுட்டமேட்டாகிறது. கைமாறும் நேரத்தில் தொகுதியைப் பிடித்து வைத்திருப்பது வைட்டமின் பி6இலிருந்து உருவாகும் பிரிடாக்சல் பாஸ்பேட். லைசின், திரியோனின் போன்ற சில அமினோ அமிலங்கள் மட்டும் இந்த வழியில் போவதில்லை.

பைருவேட் குளுக்கோஸாகலாம், ஆற்றலுக்காக எரியலாம். குளுட்டமேட்டிடமிருந்து வேறொரு நொதி நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிரிக்கிறது. அம்மோனியா மூளைக்கு நஞ்சு. அதனால் கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீருக்கு அனுப்புகிறது.

இந்தக் கைமாற்றத்தை 1937இல் சோவியத் ஒன்றியத்தில் விளக்கியவர்கள் பிரவுன்ஸ்டைன், கிரிட்ஸ்மன் என்ற உயிர்வேதியியலாளர்கள்.

தமிழுக்கு வருவோம். 'என்சைம்' என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'ஈஸ்டுக்குள்' என்று பொருள். 1870களில் ஜெர்மானியர் கியூனே வைத்த பெயர். நம் 'நொதி'யும் புளித்துப் பொங்கும் 'நொதித்தல்' என்ற வினையிலிருந்தே பிறந்தது. இலங்கையில் 'நொதியம்' என்பார்கள். டிரான்ஸ்அமினேஸை 'அமினோநீக்கி' என்று எழுதுவது பிழை. நீக்கி வெளியே விடுவது டீஅமினேஸ் என்ற வேறு வகை. இது நீக்குவதோடு நிற்காமல் இன்னொன்றில் சேர்க்கிறது. ஆகவே 'அமினோமாற்று நொதி' என்பதே என் தேர்வு.

இந்த நொதிகள் செல்லுக்குள் இருக்க வேண்டியவை. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். எஸ்.ஜி.பி.டி. கல்லீரலில் அதிகம். எஸ்.ஜி.ஓ.டி. இதயத்திலும் தசையிலும்கூட நிறைய உண்டு. 1950களில் மாரடைப்பைக் கண்டறியவே அதை அளந்தார்கள். கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் ஏறும். அறிக்கையில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்று அச்சாகியிருந்தால் குழம்ப வேண்டாம். முன்னது எஸ்.ஜி.பி.டி.யின் புதுப்பெயர், பின்னது எஸ்.ஜி.ஓ.டி.யுடையது.