மறதியா, காது மந்தமா?

சென்ற பங்குனியில் மயிலாப்பூரிலிருந்து 76 வயது அம்மையார் ஒருவரை, "அம்மாவுக்கு எதுவுமே நினைவில் நிற்பதில்லை டாக்டர்" என்ற கவலையோடு அவருடைய மகன் அழைத்து வந்திருந்தார். மாங்காய், சாவி, குடை என்று மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேட்டேன். 'சாவி'யைக் 'காவி' என்றும் 'குடை'யை 'உடை' என்றும் சொன்னார். சந்தேகம் தட்டவே, வேறு மூன்று சொற்களைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினேன். ஐந்து நிமிடம் கழித்து மூன்றையும் பிசகாமல் சொன்னார். காதில் விழாத சொல்லை அவர் எப்படி நினைவில் வைத்திருப்பார்?

முதுமையில் முதலில் மங்குவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன்தான் என்பதால், உயிரொலிகள் கேட்கும், ச, த போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும்; அதனால்தான் பெரியவர்கள் "பேசுவது கேட்கிறது, புரியவில்லை" என்கிறார்கள். ஆனால் இதை வெறும் காது சங்கதி என்று தள்ளிவிட முடியாது. அரைகுறையாகக் கேட்டதை ஊகித்து ஊகித்தே மூளை களைக்கிறது. பேச்சில் கலந்துகொள்ளக் கூச்சப்பட்டுப் பெரியவர் ஒதுங்கத் தொடங்குகிறார். மறதிநோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளை 2024இல் பட்டியலிட்ட, லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், கெட்ட கொழுப்போடு செவித்திறன் குறைவையும் அதில் முதலிடத்தில் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் மூன்றாண்டுகள் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், காது மெஷின் ஒட்டுமொத்தமாகப் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை உள்பட அறிவாற்றல் சரிவுக்கான அபாயங்கள் ஏற்கெனவே மிகுந்திருந்த பிரிவினரிடம் அறிவாற்றல் சரிவு 48 விழுக்காடு குறைந்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில், இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் சளி மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவையும் நினைவைக் குழப்பும் என்பதால் இவற்றையும் தவறாமல் பார்க்கிறோம். சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு.

அந்த அம்மையாருக்குக் காதுக்குறும்பியை எடுத்த பிறகும் கேட்கும் திறன் குறைவாகவே இருந்ததால் மெஷின் பொருத்தினோம். மிக்ஸி சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று இரண்டாம் வாரமே அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். காலையில் ஒரு மணி நேரம், அதுவும் பேத்தியோடு பேசும்போது மட்டும் என்று தொடங்கச் சொன்னேன். இப்போது குளிக்கும்போதும் தூங்கும்போதும்தான் கழற்றுகிறாராம்.